கிணற்றுப் பாத்தி

அடையாறில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில், வாசல் கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே ஒரு பூப்பாத்தி இருந்தது. அதற்குக் கீழே ஒரு கிணறு இருந்தது. தூர்த்துவிட்ட கிணறு இல்லை. உள்ளே தண்ணீரும் இருட்டும் அப்படியே இருக்க, வாயை மட்டும் மூடி, மேலே மண்ணைக் கொட்டி, கனகாம்பரமும் சாமந்தியும் வைத்திருந்தார்கள். இது ஒன்றும் ரகசியம் இல்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மாமியார் அந்த இடத்தைக் காட்டி, "இதுக்குக் கிணத்துப் பாத்தின்னு பேரு. கீழ கிணறு இருக்கு" என்றார். ஏதோ சமையலறையில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நான் தியாகராய நகரில், கடைத்தெருவுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் மண் என்றால் துளசித் தொட்டியில் இருப்பதுதான். பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் வேறு. கேள்வி கேட்காமல் எதையும் விழுங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஏன் கிணற்றின் மேல் பூச்செடி என்று கேட்டேன். கேட்டதற்குப் பலனாக முழுக்கதையும் கிடைத்தது.

பக்கத்து மனையில் ஃப்ளாட் கட்டி ஆழமாக போர் போட்ட பிறகு எங்கள் கிணறு முதலில் உப்புக் கரித்தது, பிறகு நாற்றம் அடித்தது. மாமனார் அதைத் தூர்த்துவிடலாம் என்றார். மாமியார் ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டார். கிணற்றைத் தூர்த்தால் வம்சம் தூர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. மூடலாம், தூர்க்கக் கூடாது. மூடினாலும் அது மூச்சு விட ஒரு வழி வைக்க வேண்டும். அதனால் மாமனார் கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டு, வாயின் குறுக்கே சவுக்குக் கட்டைகளைப் போட்டு, மேலே கடப்பைக் கற்களைப் பரப்பி, நடுவில் ஓர் இரும்புக் குழாயைச் செருகினார். வாசலில் வெறும் கல்லாகக் கிடந்தால் வருகிறவர்கள் கண்ணில் படும், நன்றாக இருக்காது. சுவாமிக்குப் பூக்கொடுக்கும் இடம் என்று ஆகிவிட்டால் எந்த தோஷமும் ஒட்டாது. அப்படி வந்ததுதான் பாத்தி. மாமனார் கணக்கு ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். ஈரமண் என்ன கனம், சவுக்குக் கட்டை எத்தனை வருஷம் தாங்கும் என்ற கணக்கை மட்டும் அவர் போட்டதாகத் தெரியவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவர் கையால் கடைசியாகச் செய்த காரியம் என்பதால் அந்தப் பாத்தியைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

எனக்கு அப்போது பயம் இல்லை. சிரிப்புத்தான் வந்தது. என் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தேன்.

அடையாறு மண் நம்பி விதை போடும் மண் இல்லை. கடல் கிட்டத்தில் இருப்பதால் கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. ஆவணி பிறந்ததும் மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவார். பின்பக்கம் கத்திரிக்கும் வெண்டைக்கும் அவரைக்கும் பாத்தி, முன்பக்கம் பூவுக்கு. பழைய மண்ணைக் கொத்திப் புரட்டி, வீடு கட்டியபோது விழுந்த காரைக் கட்டிகளையும் ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கி, சில நாள் வெயிலில் காயப்போட வேண்டும். பிறகு செம்மண். பிறகு மாட்டு எரு. எருவை அவர் கையில் எடுத்து நசுக்கி மூக்கருகே கொண்டுபோவார். சாணி வாசனை துளி இருந்தாலும், "இன்னும் வேகலை, செடியைச் சுட்டுடும்" என்று மூலையில் தள்ளிவிடுவார். நன்றாக மக்கிய எருவுக்கு மழை பெய்த மண்ணின் வாசனைதான் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேப்பம்புண்ணாக்கை இடித்துக் கலந்து, எல்லாவற்றையும் சல்லடையில் சலித்து, கையால் பிசைந்து முடிக்கும்போது இடுப்பு ஒடிந்துவிடும். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று. மாமியாரும் நானும் சமையலறையில் ஒத்துப்போனதே இல்லை, மண்ணில் ஒத்துப்போனோம்.

முதல் வருஷமே ஒன்றைக் கவனித்தேன். மற்றப் பாத்திகளில் மண் போன வருஷ உயரத்திலேயே இருந்தது. கிணற்றுப் பாத்தி மட்டும் நடுவில் குழிந்து கிடந்தது. மற்ற இடத்துக்கு ஒரு கூடை என்றால் அதற்கு நாலைந்து கூடை வேண்டியிருந்தது.

"இது வருஷா வருஷம் இப்படித்தான். மண்ணு எறங்கும்" என்றார் மாமியார்.

"எங்க எறங்கறது?"

"எங்கயோ எறங்கறது. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

எங்கே இறங்குகிறது என்று யோசிக்க கெமிஸ்ட்ரி படித்திருக்க வேண்டியதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்து வழியாக, தண்ணீர் ஊற்ற ஊற்ற, மழை பெய்யப் பெய்ய, மண் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் சலித்துப் பிசைந்து கலந்த நல்ல மண். போனதற்கு ஈடாக நாங்கள் மேலே இன்னும் கொட்டினோம். அதிலும் அவர் ஓரங்களை உயர்த்தி, செங்கல்லைச் சாய்த்து நட்டு, நடுவே மேடாகவே கட்டுவார். நடு மேடாக இருந்தால்தான் பார்க்க லட்சணமாம். கீழே மட்கிக்கொண்டிருந்த கட்டையின் தலையில் நாங்களே வருஷா வருஷம் பாரம் ஏற்றினோம். பூ மட்டும் எந்த வீட்டிலும் இல்லாதபடி பூத்தது.

மூன்றாவது வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். அவள் நடக்கக் கற்ற நாளிலிருந்து அந்தப் பாத்தியைப் பார்த்தால் எனக்குப் பயம் வர ஆரம்பித்தது.

இரும்புக் குழாய் மண்ணுக்கு மேலே அவள் உயரத்துக்குச் சரியாக நின்றது. குழாய் வாயில் கட்டியிருந்த வலை எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. ஒருநாள் நான் துணி உலர்த்திவிட்டு முன்பக்கம் வந்தபோது, அவள் கனகாம்பரச் செடிகளுக்கு நடுவே நின்று, குழாயில் வாயை வைத்து "ஊ" என்று கத்திக்கொண்டிருந்தாள். கத்திவிட்டுக் காதை வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் "ஊ" என்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உள்ள பாப்பா இருக்கு" என்றாள்.

"பாப்பா இல்லடி, உன் குரல்தான்."

"இல்ல, பாப்பா."

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. கண் அசந்தால் அங்கேதான். கூழாங்கல்லைப் போட்டு, அது தண்ணீரில் விழும் சத்தத்துக்குக் காத்திருப்பாள். பிஸ்கட்டைப் பாதி தின்றுவிட்டு மீதியைக் குழாயில் போடுவாள். தூங்கி எழுந்ததும் "பாப்பா கூப்பிடறா" என்பாள். குழந்தை உளறுகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த வருஷம் பாத்தியைக் கொத்தும்போது களைக்கொத்து நடுவில் பட்ட இடத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. மற்ற இடத்தில் அந்தச் சத்தம் இல்லை. இரண்டு முறை கொத்திப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனேன்.

"அம்மா, அந்தக் கிணத்தைத் தூர்த்துடலாம்" என்றேன்.

மாமியார் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். நாரை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் அவருடைய சித்தப்பா வீடு. ஒரு ரூம் கூடுதலாக வேண்டும் என்று கொல்லைக் கிணற்றைத் தூர்த்துக் கட்டினார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தொட்டில் ஆடவே இல்லையாம். இரண்டு பிள்ளைகள் இருந்தும் விளக்கேற்ற ஆள் இல்லாமல் போயிற்றாம். இந்தக் கதையை எனக்கு அவர் முன்பே பல முறை சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதையும் அவரேதான் சொல்லியிருக்கிறார். அதை ஞாபகப்படுத்தினேன்.

"அதுவும் தூர்த்ததோட பலன்தான்" என்றார். "இங்க பாரு. எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை. அவனுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். நீ சயின்ஸ் படிச்சவ, உனக்குப் பயம் இருக்காது. எனக்கு இருக்கு."

"எனக்கும் பயம்தான்மா. அவ தினம் அது மேலதான் குதிச்சிண்டு இருக்கா. இடிஞ்சு விழுந்தா?"

"அவர் போட்டது இடியாது."

ஒரே குழந்தைக்காக இரண்டு பேரும் பயந்தோம். தூர்த்தால் குழந்தைக்கு ஆகாது என்று அவர், தூர்க்காவிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று நான். என் கணவரிடம் போனால், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். வங்கியில் வேலை அவருக்கு. எந்தப் பேப்பரையும் அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டே பழகியவர். "மழை முடியட்டும், ஆளை வெச்சுப் பார்க்கலாம்" என்றார். அந்த வருஷத்து மழையும் முடிந்தது, அடுத்த வருஷத்து மழையும் வந்தது. நான் செய்ய முடிந்ததெல்லாம், குழாயின் வாயில் துணியை அடைத்து, சுற்றிலும் ரோஜாவும் முள்செடியும் வைத்ததுதான். அவற்றுக்கு வேர் பிடிக்க இன்னும் ஆழமாக மண் வேண்டும் என்றார் மாமியார். அதையும் போட்டோம்.

அந்த ஐப்பசியில் செம்மண் வந்தது தாமதமாக. ஊரூர் குப்பத்தில் இருந்து ஓர் ஆள், கடலுக்குப் போகாத நாட்களில் எங்கள் பக்கம் கொத்து வேலைக்கு வருவான். செம்மண்ணை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்து இறக்குவதும் அவன்தான். நாங்கள் அதுவரை சலித்து வைத்திருந்த மண்ணைப் போர்ட்டிகோவில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோம். புது மண்ணைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். பக்கவாட்டுச் சந்தில் முந்தின நாள் மழைத் தண்ணீர் நின்றது. நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள், நடை நடையாக எல்லா மண்ணையும் கிணற்றுப் பாத்தியின் மேலேயே குவித்துவிட்டான்.

"இன்னாப்பா இது, கீழ கிணறு இருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். அவனோடு பேசும்போது எனக்கும் அவன் பாஷை ஒட்டிக்கொள்ளும்.

"தெரியும்மா. ஒண்ணும் ஆவாது" என்று, குவியலின் மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்துக் காட்டினான். "பாத்தியா? ஆனைய கட்னாலும் தாங்கும். பெரிய ஐயா போட்டது, கல்லு மாரி கீது."

மாமியார் வாசலில் நின்று, "அங்கதான் போடணும், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவன் சொன்னது அவருக்குத் திருப்தியாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தலையில் கூடையைக் கவிழ்த்திருப்பேன். அவன் வண்டியை மிதித்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது.

அப்புறம் விடவே இல்லை. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். செம்மண் குவியல் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கறுத்தது. ஹால் ஜன்னலில் இருந்து பார்த்தால் குழாய் தெரியும். முதல் நாள் நேராக நின்றது. அடுத்த நாள் காலை கேட்டைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் சாய்வு கூடியிருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வழக்கமாக மழை முடியட்டும் என்பவர் அன்று அப்படிச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை மண்ணை எடுத்துட்டுக் கல்லைப் பார்த்துடறேன்" என்றார். மாமியார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. குழந்தை முன்பக்கம் போகவே கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது.

சனிக்கிழமை காலை மழை நின்றது. நான் சமையலறையில் இருந்தேன், மாமியார் பூஜை அறையில் இருந்தார். குழந்தை உள்ளறையில் கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்தது. இடிந்த சத்தம் போலவே இல்லை. பெரிய வயிற்றுக்காரர் சாப்பிட்டு எழும்போது விடும் பெருமூச்சு போல இருந்தது. அதற்குப் பிறகு தண்ணீரில் ஏதோ கனமாக, மறுபடி மறுபடி, விழும் சத்தம்.

போர்ட்டிகோவுக்கு ஓடினேன். பாத்தி இல்லை. பாத்தி இருந்த இடத்தில் ஒரு வட்டமான பள்ளம். செம்மண் குவியல் பாதி உள்ளே போயிருந்தது, மீதி வழிந்துகொண்டிருந்தது. குழாய் இல்லை. ஒரு கடப்பைக் கல் மட்டும் ஓரத்தில் செங்குத்தாகத் தொங்கியது. ரோஜாச்செடி வேரோடு விளிம்பில் கிடந்தது. கீழே, ஆள் உயரத்துக்கும் கீழே, சிவந்த தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

அப்பாடா, நேரத்தோடு விழுந்ததே என்றுதான் முதலில் நினைத்தேன். அது சத்தியம். குழந்தை தூங்குகிறாள், யாரும் பக்கத்தில் இல்லை, சனியன் விட்டது என்று உள்ளே போய்க் கொசுவலையைத் தூக்கினேன். படுக்கை காலி.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். குளியலறையில் பார்த்தேன். பின்கட்டில், துணி துவைக்கும் கல் பக்கத்தில், பீரோவுக்குப் பின்னால். கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்ப வாசலுக்கு வந்தபோது மாமியார் அங்கே நின்றிருந்தார். அவர் கை பள்ளத்தின் பக்கம் நீண்டிருந்தது. தண்ணீரில் குழந்தையின் சிவப்பு ரப்பர் செருப்பு ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

மாமியார் அப்படியே சேற்றில் குப்புற விழுந்தார். மடிப்புடவையோடு விளிம்பு வரைக்கும் ஊர்ந்துபோய்த் தலையை உள்ளே நீட்டி, "குட்டி, குட்டிம்மா" என்று கூப்பிட்டார். கிணறு அவர் குரலிலேயே "குட்டிம்மா" என்று திருப்பிச் சொன்னது. அவர் மறுபடி கூப்பிட்டார். அது மறுபடி சொன்னது. நான் இறங்கப் போனேன். எப்படி இறங்குவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று எதுவும் யோசிக்கவில்லை. காலை உள்ளே விட்டுவிட்டேன். அவர் என் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விடுங்கள் என்று அவர் கையைக் கடித்தேன். அப்போதும் விடவில்லை. என் காலடி மண் கட்டி கட்டியாக உடைந்து உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் என் மனசில் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. இன்றைக்கும் ஞாபகத்தில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

கேட் திறந்தது. என் கணவர் ஒரு கையில் பால் பாக்கெட்டும் இடுப்பில் குழந்தையுமாக நின்றார். குழந்தை வெறுங்காலோடு இருந்தாள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முழிச்சுண்டு அழுதா. பால் பூத்துக்குத் தூக்கிண்டு போனேன்" என்றார் அவர். பிறகுதான் பள்ளத்தைப் பார்த்தார்.

சொல்லிவிட்டுப் போகத் தெரியாதா என்று நான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். மழைக்கு முன்னால் செங்கல் ஓரத்தில் கழற்றிவிட்ட செருப்பை யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். குழந்தையைப் பிடுங்கி அணைத்துக்கொண்டு நான் அழுதேன். அவள் என் தோளுக்கு மேலே பள்ளத்தை எட்டிப் பார்த்து, "பாப்பா வாயைத் தொறந்துடுத்து" என்றாள். அவள் முகத்தை என் பக்கம் திருப்பிவிட்டேன்.

குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் போர்ட்டிகோவுக்குப் போனேன். சாக்கை விலக்கி, சலித்து வைத்திருந்த மண்ணைக் கூடையில் அள்ளினேன். யாரையும் கேட்கப் போவதில்லை, இன்றைக்கே இதைத் தூர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று எனக்கு வெறி பிடித்திருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் மாமியார் எதிரில் நின்றார். முகமெல்லாம் சேறு. நான் கடித்த இடத்தில் ரத்தம் கசிந்தது. தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

அவர் கூடையை என் கையில் இருந்து பிடுங்கினார். பலமாகவே பிடுங்கினார். விளிம்புக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துவிட்டு, மண்ணைக் கிணற்றுக்குள் கொட்டினார். எருவும் புண்ணாக்கும் கலந்து நாங்கள் இருவரும் பிசைந்த மண். காலிக் கூடையை என்னிடம் நீட்டி, "இனிமே நீ போடு" என்றார். பிறகு உள்ளே போய்த் தலைக்குக் குளித்தார்.

தூர்க்கும் வேலை அடுத்த வாரம் முழுக்க நடந்தது. லாரியில் மணலும் கட்டட இடிபாட்டு ரப்பீஷும் வந்தன. ஆனையைக் கட்டினாலும் தாங்கும் என்ற ஆளே வந்து கொட்டினான். "அன்னைக்கே சொன்னேன்மா, தூத்துடுன்னு" என்று எங்களிடமே சொன்னான். மாமியார் பின்பக்கமே உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் வரவில்லை.

தை மாதம் அந்த இடத்தில் புதிதாகப் பாத்தி கட்டினோம். கொத்தினால் 'தொம்' என்ற சத்தம் இல்லை. மண் இறங்கவில்லை. தண்ணீர் நின்றது. அந்த வீட்டில் முதல்முறையாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, காரணம் மாமியார். அவர் எதுவும் சொல்லவில்லை. மயிலாப்பூர்ச் சித்தப்பா வீட்டுக் கதையை அதற்குப் பிறகு அவர் வாயில் இருந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் குழந்தை தும்மினால் எழுந்து வந்துவிடுவார். காய்ச்சல் வந்தால் அவள் காலடியிலேயே உட்கார்ந்து, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரதோஷம் தவறாமல் மயிலாப்பூர் கோயிலுக்கு பஸ் பிடித்துப் போய் வந்தார். போய் வந்து குழந்தையின் நெற்றியில் விபூதி வைப்பார். யாரோ வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நேரம் மட்டும் சொல்லவில்லை, அப்படிக் காத்திருந்தார். வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் சண்டையாவது போடலாம். சொல்லாமல் இருப்பவரோடு எப்படிச் சண்டை போடுவது? கொஞ்ச நாளில் அந்தக் காத்திருப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. பள்ளியில் பாடம் நடத்தும்போது ஆபீஸ் ரூமில் போன் அடித்தால் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றுவிடும்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக வளர்ந்தாள், ஸ்கூலில் சேர்த்தோம். அதற்கு அடுத்த வருஷம் நான் மறுபடி உண்டானேன். மாமியார் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொண்டார். ஐந்தாம் மாதம் தங்கவில்லை.

இந்திரா நகர்ப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் படுத்திருந்தேன். இது ரொம்பப் பேருக்கு நடப்பதுதான், உங்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் இனிமேல் வேண்டாம், உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மாமியார் தயிர் சாதத்தோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது சொல்லப் போகிறார், அன்றைக்கே சொன்னேனே என்று இப்போதுதான் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கட்டும் என்றும் இருந்தது.

அவர் டிபன் டப்பாவைத் திறந்தார். மறுபடி மூடினார். என் தலையில் கை வைத்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டுப் பேசியதே இல்லை.

"முதல் கூடை நான் போட்டேன்" என்றார். "அதுக்குத்தான் உன் கையிலேர்ந்து பிடுங்கினேன். அந்தப் பாவம் என்னோடது. உன்னை ஒட்டாது. நீ மனசுல வெச்சுக்காதே."

அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது அம்மா, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்த நாளாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேனா என்றுதான் அவர் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு வாய் வரவில்லை.